எலுமிச்சம்பழத்துக்குக் கட்டுப்பட்ட கார்

நான் தொடக்கப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு படித்தபோது எங்கள் கார் கூட்டரசு நெடுஞ்சாலையில் அடிக்கடி உயிரை விட்டது. தீபாவளிக்கும் தைப்பூசத்துக்கும் இடைப்பட்ட மாதங்கள் அவை. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. முதல்முறை நின்றபோது என் மடியில் முறுக்கு டப்பா இருந்தது. கடைசிமுறை நின்றபோது காரின் பின்பெட்டியில் அம்மாவின் பால்குடம் இருந்தது.

ஞாயிறுதோறும் பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளானுக்கு, மாமா வீட்டுக்குச் சாப்பிடப் போவோம். கார் நன்றாகத்தான் கிளம்பும். வெயில் ஏறி, நெரிசலில் ஊர்ந்து, சுபாங் ஜெயா தாண்டியதும் ஒரு விக்கல். பிறகு மௌனம். அப்பா ஓரமாக உருட்டி நிறுத்திவிட்டு, காரைச் செய்தவர்களின் பரம்பரையை விசாரிக்கத் தொடங்குவார்.

அம்மா இறங்கி, ஓர் எலுமிச்சம்பழத்தால் காரைச் சுற்றிப்போட்டு முன்சக்கரத்தடியில் வைப்பார். பிறகு சாலைத் தடுப்பில் சாய்ந்துகொண்டு முருகன் பாட்டு ஒன்றை முழுதாகப் பாடுவார். மருத்துவமனையில் ஷிப்ட் வேலை பார்த்த அம்மா வீட்டில் பாடி நான் கேட்டதில்லை. பாட்டு தொடங்கியதும் அப்பாவின் விசாரணை தானாக அடங்கிவிடும். முடிந்ததும் அப்பா சாவியைத் திருப்புவார். கார் கிளம்பும், பழம் நசுங்கும். ஒருமுறையும் தவறியதில்லை.

நெடுஞ்சாலையில் கார் நின்றால் கடவுளுக்கு முன்பே வந்து சேர்பவர்கள் இழுவை லோரிக்காரர்கள். ஒருவர் எங்களுக்குப் பழக்கமாகியே விட்டார்.

"என்ன பாஸ், இன்னிக்கும் ரோசாக்கா? கார் படுத்துடுச்சா? இழுக்கட்டுமா?"

"இரு தம்பி, பாட்டு முடியட்டும்."

அவர் வருத்தத்தோடு போய்விடுவார்.

ஷா ஆலமில் இருந்த சர்விஸ் சென்டரில் காரை இரண்டுமுறை விட்டுப் பார்த்தோம். காலையிலிருந்து நிழலில் நின்ற கார் அங்கே பரம சாதுவாக ஓடியது. "ஒன்னும் இல்ல லா அங்கிள்" என்றார் அங்கிருந்த இளைஞர். தைப்பூச மாதத்தோடு காரின் உத்தரவாதம் முடிகிறது. அதற்குள் குறையைக் காட்டாவிட்டால் செலவு எங்கள் தலையில். அப்பாவுக்குத் தூக்கம் போய்விட்டது.

மூன்றாம்முறை போனபோது, அதே மாதிரி காரோடும் அதே புகாரோடும் சுபாங் ஜெயா ஆன்டி ஒருவர் காத்திருந்தார். "டாங்கிக்குள்ள இருக்கிற பெட்ரோல் பம்ப்தான் கோளாறுன்னு நானும் சொல்லிட்டே இருக்கேன், கேட்க மாட்றாங்க" என்றார். அம்மா அவர் பக்கம் சாய்ந்து, குரலைத் தாழ்த்தினார்.

"கார்ல எலுமிச்சம்பழம் வச்சுக்குங்கக்கா. நான் சுத்திப்போட்டு ஒரு பாட்டு பாடுனா போதும், கிளம்பிடும்."

"அப்படியா? நான் ஒன்னும் பாடலயே. ஐஸ்கிரீம் வாங்கிச் சாப்பிட்டு முடிச்சேன், அதுவே கிளம்பிடுச்சு!"

அம்மாவின் முகம் சுருங்கியது. அப்பாவின் முகமோ மலர்ந்தது. சூடேறினால் படுத்துவிடுகிறது, ஆறினால் எழுந்துவிடுகிறது அந்தப் பம்ப் என்று வழியெல்லாம் உற்சாகமாக விளக்கினார்.

"அப்ப நான் பாடினது?" என்றார் அம்மா.

"அது ஆறுற வரைக்கும் நேரம் போச்சு. அவ்வளவுதான்."

அம்மா எலுமிச்சம்பழம் இருந்த கைப்பையை இழுத்து மூடினார்.

தைப்பூசத்துக்கு முந்திய சனிக்கிழமை சர்விஸ் சென்டர்காரர்கள் கண்முன்னாலேயே காரை நிற்கவைக்கும் திட்டத்தை அப்பா நிறைவேற்றினார். பம்ப் சீக்கிரம் சூடேற டாங்கியில் கொஞ்சமே பெட்ரோல், உச்சிவெயில். அம்பாங் வரை போய்த் திரும்பி, கண்ணில் பட்ட நெரிசலிலெல்லாம் வேண்டுமென்றே நுழைந்து, ஷா ஆலமுக்கு ஓட்டினார். சர்விஸ் சென்டர் வாசலிலேயே கார் விக்கி நின்றது. அம்மாவின் கை பழக்கத்தில் கைப்பைக்குள் போனது.

"பாடாதே!" என்று அலறினார் அப்பா.

"நான் எங்க பாடப் போறேன்" என்றார் அம்மா.

பின்னால் ஹாரன்கள் முழங்கின. ஓடிவந்த இளைஞர் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கார் அசையவில்லை. பிள்ளை பரீட்சையில் முதலாவதாக வந்ததுபோல் அப்பா பக்கத்தில் நின்றார்.

"இப்ப சொல்லு தம்பி. ஒன்னும் இல்லையா?"

"பம்ப் மாத்திடலாம் அங்கிள். ஃப்ரீதான்."

அதற்குப் பிறகு கார் நிற்கவே இல்லை. நேரத்தோடு மாமா வீட்டுக்குப் போனோம். அம்மா வழிநெடுக ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

தைப்பூசம் முடிந்து சில வாரங்கள் கழித்து ஒரு ஞாயிறு. சுபாங் ஜெயா தாண்டியதும் அப்பா சிக்னல் போட்டு ஓரங்கட்டி, தானே எஞ்சினை அணைத்தார். சட்டைப்பையிலிருந்து ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்து அம்மாவிடம் நீட்டினார்.

"பம்ப்தான் மாத்தியாச்சே" என்றார் அம்மா.

"மாத்தியாச்சு" என்றார் அப்பா. நீட்டிய கையை மடக்கவில்லை.

அம்மா பழத்தை வாங்கிக்கொண்டு இறங்கினார். எனக்கோ பசி. "கார் நல்லாத்தானே இருக்கு, ஏன்பா நிக்கிறோம்?" என்று சிணுங்கினேன். அப்பா உதட்டில் விரலை வைத்தார். அம்மா பாட்டின் முதல் அடியில் கொஞ்சம் தடுமாறி, பிறகு குரலைப் பிடித்துக்கொண்டார்.

லோரிக்காரர் மோப்பம் பிடித்து வந்துவிட்டார். "ரோசாக்கா பாஸ்?"

"இல்ல தம்பி. நல்லா ஓடுது."

"அப்புறம் ஏன் பாஸ் நிக்கிறீங்க?"

அவரும் நானும் அப்பாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். அப்பாவோ கண்ணை மூடிப் பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தார். பாட்டு முடியும்வரை சாவியைத் தொடவில்லை.