"இது சென்னைதானே அக்கா?"

ஐந்து வருடங்களுக்கு முன், ஒரு ஆடி மாதம் நடந்தது இது. பெங்களூரு ஸ்ரீராம்புரத்தில் ஒரு சந்துக்குள் சின்னதாக பியூட்டி பார்லர் வைத்திருக்கிறேன். முகூர்த்தம் இல்லாத மாதம் என்பதால் கடை காற்று வாங்கிக்கொண்டிருந்தது. காலை பதினொரு மணி இருக்கும். நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி, ஒல்லியான ஒரு பெண்ணைக் கையைப் பிடித்து அழைத்து வந்தார்.

"எங்கக்கா பொண்ணுங்க. கல்யாணம் வெச்சிருக்கு. ஐப்ரோ, ஃபேஷியல் பண்ணி, முடியைக் கொஞ்சம் ஸ்டைலா வெட்டிடுங்க. பாக்க பெரிய பொண்ணா தெரியணும்" என்றார்.

ஆடியில் என்ன கல்யாணம் என்று எனக்கு உறைக்கவே இல்லை. ஒரு வேலை வந்ததே என்ற சந்தோஷம். புருவத்தில் நூல் வைத்ததும் அந்தப் பெண்ணின் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. "முதல் தடவைன்னா வலிக்கத்தான் செய்யும்மா" என்று சிரித்துவிட்டு வேலையைத் தொடர்ந்தேன். அதை இன்று நினைத்தாலும் கூசுகிறது.

அந்தப் பெண்மணிக்கு போன் வந்தது. பேசிக்கொண்டே வாசலுக்குப் போனார். அந்த ஒரு நிமிடத்தில், உட்கார்ந்திருந்த பெண் என் துப்பட்டாவைப் பிடித்து மெதுவாகக் கேட்டாள்: "இது சென்னைதானே அக்கா? போர்டுல எழுத்தெல்லாம் ஏன் வேற மாதிரி இருக்கு?"

நூலைக் கீழே வைத்தேன்.

"இது பெங்களூரும்மா. இவங்க உன் சித்தியா?"

"இல்லக்கா. ஊருக்கு வந்து, சென்னையில துணிக்கடை வேலைன்னு அம்மாகிட்ட சொல்லிக் கூட்டியாந்தாங்க. நான் ஒம்பதாவது படிக்கிறேன்."

திருவண்ணாமலை பக்கம் ஒரு கிராமமாம். அதற்குள் அந்தப் பெண்மணி திரும்பி வந்துவிட்டார். எனக்கு எங்கிருந்து அந்தப் புத்தி வந்ததோ தெரியவில்லை. "இவளுக்கு இன்னும் ஒரு மணி நேரமாகும். புதுசா ஒரு ஃபேஸ் பேக் வந்திருக்கு, உங்களுக்கு ஃப்ரீயா போட்டுவிடறேன்" என்றேன். இலவசம் என்றதும் சந்தோஷமாகச் சாய்ந்துகொண்டார். முகம் முழுக்க கெட்டியாகப் பூசி, கண்கள் மேல் பன்னீர் நனைத்த பஞ்சை வைத்தேன். "பேசினா வெடிச்சிடும், அசையாதீங்க" என்று சொல்லிவிட்டு, "நீ தலை கழுவ வாம்மா" என்று பெண்ணைப் பின்கட்டுக்கு அழைத்துப் போனேன்.

பின்கதவு வழியாகப் பக்கத்துத் தையல் கடை அக்காவிடம் அவளை விட்டேன். விஷயத்தைச் சொன்னதும் அவர் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை, ஷட்டரை இறக்கிவிட்டார். நான் குழந்தைகளுக்கான உதவி எண்ணுக்கு போன் செய்தேன். பார்லருக்குத் திரும்பி, வெறும் பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீரைத் திறந்துவிட்டு, "முடி ரொம்ப அழுக்கு" என்று அவர் காதில் விழும்படி எனக்கு நானே பேசிக்கொண்டிருந்தேன்.

முக்கால் மணி நேரத்தில் இரண்டு பெண் போலீசாரும் உதவி எண்ணிலிருந்து ஒருவரும் வந்தார்கள். முகத்தில் காய்ந்த பேக்கோடு எழுந்த அந்தப் பெண்மணி, "யாரு, யாரு?" என்று பஞ்சைத் தள்ளினார். அப்போதுதான் அது வெடித்தது. அவரை விசாரித்து, அன்று சாயங்காலமே பொம்மனஹள்ளியில் ஒரு வீட்டில் பூட்டி வைத்திருந்த இன்னும் இரண்டு பெண்களையும் மீட்டார்கள்.

"போலீஸ், கோர்ட்டுன்னு உனக்கு எதுக்கு இந்த வேலை?" என்றார் என் கணவர். ஆனால் சாட்சி சொல்லக் கூப்பிட்டபோது அவரே வண்டியில் கொண்டுபோய் விட்டார். அங்கே அந்தப் பிள்ளை என்னைவிடத் தைரியமாக இருந்தாள். அவளைத் தனியாக விசாரித்துவிட்டு வெளியே வந்த வக்கீலம்மா, "ஒரு இடத்துலகூடத் தடுமாறலை" என்றார். அந்தப் பெண்மணிக்குத் தண்டனை கிடைத்தது.

அவள் மறுபடி பள்ளிக்கூடம் போனாள். அவளே வகுப்பில் எழுந்து நின்று நடந்ததைச் சொன்னதால், அதேபோல வேலைக்குக் கிளம்பவிருந்த இன்னொரு பெண்ணும் படிப்பைத் தொடர்ந்தாளாம். போன வருடம் நர்சிங் சேர்ந்த அன்று போனில் அழைத்து, "அக்கா, சீட் கெடச்சிடுச்சு!" என்று கத்தினாள். வாடிக்கையாளர் உட்கார்ந்திருப்பதையும் மறந்து நானும் கத்தினேன்.

இப்போதெல்லாம் யார் ஒரு பெண்ணை அழைத்து வந்தாலும், முதலில் அந்தப் பெண்ணிடம்தான் பேசுகிறேன். இருபது வருடத் தொழிலில் அதை எனக்குக் கற்றுக்கொடுக்க ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி வரவேண்டியிருந்தது.