கடல் தாண்டி வந்த வைட்டமின் சி

போன வாரம் ஹபீபா அக்காவுக்குத் துணையாகத் திருச்சி ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன்.

அக்கா எங்கள் மாடி வீட்டில் குடியிருப்பவர். சொந்த ஊர் லப்பைக்குடிக்காடு. மார்பகப் புற்றுநோய். கணவரும் மகனும் துபாயில். இதுவரை கீமோவுக்குப் பெரம்பலூரிலிருந்து தனியாகவே பஸ் ஏறிப் போய் வந்திருக்கிறார்!

"இனிமே கூட ஆள் இல்லாம வரக் கூடாதுன்னு நர்ஸம்மா கண்டிச்சுட்டாங்க தம்பி. நீங்க வரீங்களா?"

நானும் தனிக்கட்டைதானே... கிளம்பிவிட்டேன்.

பஸ்ஸில் அக்கா பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்துக் காட்டினார். வைட்டமின் சி மாத்திரை. பெரிய டோஸ். கேன்சரைக் கரைத்துவிடும் என்று ஏதோ வீடியோவில் பார்த்துவிட்டு, ஊருக்கு வருகிற ஆட்களிடமெல்லாம் கணவர் கொடுத்தனுப்புகிறாராம். வீட்டில் ஒரு ஷெல்ஃப் நிறைய இருக்கிறதாம்.

"டாக்டர்கிட்ட சொன்னீங்களா அக்கா?"

"நிறுத்தச் சொல்லிட்டா? மச்சானுக்கு லீவு கெடைக்கல. இதையாச்சும் அனுப்புறாரு..."

உள்ளூர்க்காரர்கள் மட்டும் சளைத்தவர்களா? தினம் ஒரு நெல்லிக்காய் தின்றிருந்தால் இந்த நோயே வந்திருக்காது என்றார்களாம்.

"எங்க வூட்ல நெல்லிக்கா ஊறுகா இல்லாம நான் சோறு தின்னதே இல்ல தம்பி" என்று சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது.

"மாத்திரை விஷயத்த டாக்டர்கிட்ட மறைக்காதீங்க அக்கா" என்றேன். டாக்டர் அறையில் தயங்கித் தயங்கி டப்பாவை மேஜையில் வைத்தார்.

டாக்டர் கோபிக்கவில்லை. "கொய்யா, ஆரஞ்சு, நெல்லி எல்லாம் சாப்பிடுங்கம்மா, நல்லதுதான். அதுக்காக கேன்சர் வரவே வராதுன்னு இல்ல. வந்தது போயிடும்னும் இல்ல. இவ்வளவு டோஸ் மாத்திரை இப்ப வேணாம். நாங்க குடுக்கிற மருந்தோட வேலையை அது கெடுக்கலாம். கிட்னியில கல் வரலாம். இதே வைட்டமினை நரம்புல ஏத்திப் பார்க்கிற ஆராய்ச்சியும் நடக்குது. முடிவா ஒண்ணும் தெரியல."

மருந்து ஏற ஆரம்பித்ததும் அக்கா வீடியோ கால் போட்டார். அங்கே ஹெல்மெட்டும் தூசியுமாக ஒரு முகம்.

"மச்சான், டாக்டர் அந்த மாத்திரை வேணாம்னுட்டாரு."

அவர் ஹெல்மெட்டைக் கழற்றினார். அப்புறம் மெதுவாக, "அப்ப வேற என்னத்ததான் அனுப்புறது புள்ள?" என்றார். குரல் உடைந்துவிட்டது.

"ஒண்ணும் அனுப்ப வேணாம். சும்மா லைன்ல இருங்க."

போனைத் தலையணையில் சாய்த்து வைத்துக்கொண்டார். அந்தப் பக்கம் கட்டட வேலைச் சத்தம். இந்தப் பக்கம் சொட்டுச் சொட்டாக மருந்து. இருவரும் பேசவில்லை. கட் பண்ணவும் இல்லை.

நான் எழுந்து வெளியே வந்தேன். டீ சொல்லிவிட்டு என் போனில் இருக்கிற நம்பர்களைத் தள்ளிக்கொண்டே போனேன். எத்தனை பெயர்கள்! இவர்களில் யாரைக் கூப்பிட்டு, 'பேச ஒன்றுமில்லை, சும்மா லைனில் இருங்கள்' என்று சொல்ல முடியும்?

டீதான் ஆறியது.

உங்கள் போனில் அப்படி ஒருத்தர் இருந்தால் — கொடுத்துவைத்தவர் நீங்கள்!