மார்லீன் வார்த்த படலம்

மார்லீன் டக்கெட்டுக்கு ஐம்பத்தொன்பது வயது. ஆஸ்திரேலியாவின் லட்ரோப் பள்ளத்தாக்குக்காரி. பதினைந்து வருஷம் பேக்கரியில் மாவு உருட்டிவிட்டு, அனல்மின் நிலையத்தை ஒட்டிய ஆய்வுக்கூடத்தில் பாலிமர் படலம் வார்க்க வந்தவள். கூழ் மாதிரிக் கரைசலைக் கண்ணாடித் தட்டில் ஊற்றி, தகட்டால் ஒரே இழுப்பு. முடி கனம்கூட இராது. அதன்மேல் புகையை விட்டால் கரியமில வாயு மட்டும் ஊடுருவிப் போகவேண்டும், மற்றதெல்லாம் இந்தப் பக்கமே நிற்கவேண்டும். சொல்வதற்கு என்ன, சுலபம்தான்!

கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. யார் வார்த்த படலம் விரிசல் விட்டு வெடிக்கிறதோ அவர் மறுநாள் காலைத் தேநீருக்கு எல்லோருக்கும் லாமிங்டன் கேக் கொண்டுவரவேண்டும். ஆறு வருஷமாக மார்லீன்தான் சுமந்தாள்.

"புகையைச் சருகாட்டம் காயவெச்சு விடுறியே ஃபின், அதான் வெடிக்குது. ரொட்டி மாவைக்கூட ஈரத்துணி போட்டுத்தான் மூடுவோம்" என்பாள்.

"ஈரம் பட்டா ஊறிப்போயிடும் மார்லீன். இது பாலிமர், ரொட்டி இல்ல" என்பான் கூடத்தின் ஆராய்ச்சியாளன் ஃபின்.

கடைசியில் மேலிடம் கெடு வைத்தது: வெள்ளிக்கிழமை மாலைக்குள், ஊடுருவி வரும் வாயுவில் தொண்ணூறு சதவீதத் தூய்மை வராவிட்டால் இந்தப் படலத்தைக் கைகழுவிவிடுவார்கள். அந்த வெள்ளிக்கிழமை காலை மார்லீன் டோஸ்டைத் தொடாமலே வந்தாள். ஆறு வருஷ உழைப்பு அல்லவா!

பதினோரு மணிக்கு, புகையை உலர்த்தும் குழாய் அடைத்துக்கொண்டது.

"நிறுத்துங்க! மாத்துவழியில ஈரப்புகை போகுது! போச்சு, எல்லாம் போச்சு!" என்று ஃபின் வால்வை மூடப் பாய்ந்தான்.

மார்லீன் குறுக்கே நின்றாள். "கைய எடுடா. சாயங்காலம் எப்படியும் குப்பைக்குப் போறதுதானே? ஒரு நாளாவது அது இஷ்டத்துக்கு இருந்துட்டுப் போகட்டும்."

தூய்மை காட்டும் மானியில் அறுபத்திரண்டு சதவீதம். மதியம் எழுபத்தெட்டு. மூன்று மணிக்குத் தொண்ணூற்றொன்று! ஃபின் மானியைத் தட்டிப் பார்த்தான், மாற்றிப் பார்த்தான். அதே தொண்ணூற்றொன்று. ஈரம் இருந்தால்தான் அந்தப் பாலிமர் கரியமில வாயுவைப் பிடித்து மறுபக்கம் தள்ளும், வெடிக்காமலும் இருக்கும் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. மார்லீன் நாற்காலியில் உட்கார்ந்து மூக்கைச் சிந்தினாள். சந்தோஷத்தில் அழுகையும் வந்தது, பசியும் வந்தது.

"அப்போ இத்தனை நாளும் படலத்தை வெடிக்கவெச்சது யாரு?" என்றாள்.

திங்கட்கிழமை காலை, ஃபின் தானே சுட்ட லாமிங்டன் நாற்பதோடு வந்து நின்றான். மார்லீன் ஒன்றைக் கடித்தாள். மென்றாள். தண்ணீர் குடித்தாள்.

"அடப்பாவி, இதையுமா காயவெச்சே?"