வெள்ளிமலை அம்பாசிடரின் ஆயில் லீக்

வெள்ளிமலையில் டாக்சி ஓட்டும் ஆரோக்கியசாமி, தன் பழைய அம்பாசிடரை மூன்றாம் முறையாகக் கள்ளக்குறிச்சியில் இருந்த என் ஷெட்டுக்குக் கொண்டுவந்தபோது எனக்குக் கோபம் தலைக்கேறியது. டேப்பட் கவர் பேக்கிங், சம்ப் பேக்கிங், முன்பக்க ஆயில் சீல் எல்லாம் மாற்றியாயிற்று. அப்படியும் ஆயில் சொட்டியது.

"எம்பொண்ணு மாசமா இருக்குதுண்ணே. எப்ப வேணா வலி எடுக்கலாம். மலை ஏறுறதுக்குள்ள ஆயில் காலியாய்டுது. இத நம்பி அத எப்டி ஆஸ்பத்திரிக்கு எறக்கியாறது?" என்றார். மேலே அவசரத்துக்கு வேறு வண்டி கிடைப்பது குதிரைக் கொம்பு.

இன்ஜினை இறக்கிவிடுவது என்று முடிவுசெய்தேன். அதற்கு முன்பு, ஸ்டார்ட் செய்து ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பார்த்தேன். புகை புஸ்ஸென்று முகத்தில் அடித்தது. இன்ஜினின் அடிக்கூடான கிராங்க்கேசில் சேரும் புகை வெளியேற ப்ரீதர் பைப் என்று ஒன்று உண்டு. அது அடைபட்டால், உள்ளே பிரஷர் ஏறி, சீல் வழியாக ஆயிலைத் தள்ளிவிடும். அந்தப் பைப்பில் விரலை விட்டேன். மணி உதிர்த்த மக்காச்சோளக் கட்டை ஒன்று இறுக்கமாகச் செருகியிருந்தது.

"எவன்யா இத சொருவனது?"

"நான்தாண்ணே. அந்த பைப்போட ஓஸ் கிழிஞ்சி பொக வண்டிக்குள்ள வந்துக்கினே இருந்துது. செக்கப்புக்கு வரும்போது வளைவுக்கு வளைவு பொண்ணு வாந்தி எடுத்துது. மனசு கேக்கல."

திட்ட மனம் வரவில்லை. பெற்றவன் செய்த வேலையாயிற்றே.

கட்டையைப் பிடுங்கிப் பைப்பை மண்ணெண்ணெயில் கழுவினேன். புது ஓஸ் போட்டு ஏர் கிளீனரோடு சேர்த்தேன். இனி புகை இன்ஜினுக்குள்ளேயே போய் எரிந்துவிடும். பிதுங்கியிருந்த ஆயில் சீலையும் மாற்றினேன். தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்: ஒழுகும் இடத்தை அடைக்கும் முன் அடைத்த இடத்தைத் தேடுங்கள்.

அந்த வாரமே கார் என் ஷெட் வாசலில் வந்து நின்றது. ஆரோக்கியசாமி குதித்து இறங்கினார். இருவரும் மண்ணில் மண்டிபோட்டு அடியில் பார்த்தோம். ஆயில் நிற்கும் சம்ப்பின் வெளிப்புறம் காய்ந்து கிடந்தது. எனக்கு அப்பாடா என்றிருந்தது.

"ஒரு சொட்டு இல்லண்ணே!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

பின்சீட்டிலிருந்து அவர் மகளின் குரல் வந்தது. "எப்பா, காரு நல்லாத்தான் இருக்குது. வலி எனக்கு! ஆஸ்பத்திரிக்கு வுடு!"