நீலமுகனின் வலது கை

போன ஞாயிற்றுக்கிழமை என் பேரனும் அவனோடு தொழிற்சாலையில் வேலை பார்க்கும் சிநேகிதர்கள் இரண்டு பேரும் எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். சொத்துத் தகராறு என்று நினைத்துவிடாதீர்கள். வெளிநாட்டுப் படக்கதை ஒன்றில் முகமூடி மாட்டிக்கொண்டு ஊரைக் காப்பாற்றுகிற ஒருவன் இருக்கிறானாம், அவனை வைத்துப் படம் எடுக்கிறார்களாம். நடிக்கப் போகிறவனுக்குத் தாடை சரியில்லை என்று ஒருவன் சொன்னான். தாடை கிடக்கட்டும், கதையில் வருகிற தங்கையை எங்கே தொலைத்தார்கள் என்று இன்னொருவன் கேட்டான். கடைசியில் என் பேரன், "புக்குல அப்படி இல்லவே இல்லடா, எடுத்துக் காட்டட்டுமா?" என்று எழுந்தான். அவ்வளவுதான், எனக்கு வயிற்றைப் பிசைந்தது. எண்பத்தெட்டு வயதில் வயிறு பிசைவதற்குக் காரணமா இல்லை என்று மருமகள் ஓமத் தண்ணீர் கொடுத்தாள். குடித்தேன். ஆனால் ஓமத்துக்கு அடங்குகிற வலி இல்லை அது.

ஓம வாசனை என்றால் எனக்குச் சிவண்ணாவின் முறுக்குதான். அஞ்செட்டிப் பக்கத்து மலைக் கிராமத்திலிருந்து ஓசூருக்கு வந்து, எங்கள் பஸ் ஷெட் வாசலில் டீக்கடை போட்டிருந்தார். வீட்டில் கன்னடம் பேசுகிறவர். மத்தூரில் எஸ்.எஸ்.எல்.சி. முடித்த கையோடு அந்த ஷெட்டில் நான் டைம்கீப்பராகச் சேர்ந்திருந்தேன். எந்த பஸ் எத்தனை மணிக்கு வந்தது, போனது என்று எழுதுகிற வேலை. பத்தொன்பது வயது. மணி பார்க்கத் தெரிந்ததைப் பெரிய வித்தையாக நினைத்துக்கொண்டு, பையில் பேனா செருகிக்கொண்டு திரிவேன். அதற்கு மேல் எனக்கு இருந்த ஒரே மரியாதை, சனிக்கிழமை வாசிப்பு.

சனிக்கிழமை மத்தியானம் கிருஷ்ணகிரி பஸ்ஸில் மெட்ராஸ் வாரப்பத்திரிகை ஒரே ஒரு பிரதி எனக்கு வரும். அதில் 'நீலமுகன்' என்ற தொடர்கதை. முகத்தில் நீலத்துணி, இரண்டு கையிலும் நீல உறை. மதில் தாண்டுவான், அநியாயக்காரர்களைப் பந்தாடுவான். ஷெட்டில் பாதிப் பேருக்குத் தெலுங்கு, மீதிப் பேரில் பாதி கன்னடம். ஆகவே நான்கு வரி தமிழில் படிப்பேன், அதையே தெலுங்கில் சொல்வேன், பிறகு எனக்குத் தெரிந்த கன்னடத்தில் சொல்வேன். என் தெலுங்கைக் கேட்டால் நீங்கள் எழுந்து போய்விடுவீர்கள். அவர்கள் போகவில்லை.

போகாதவர்களில் முதல் ஆள் வெங்கடப்பா, எங்கள் மெக்கானிக். நாற்பது வயதிருக்கும். தாய்மொழி தெலுங்கு, தமிழ் தட்டுத்தடுமாறித்தான் வரும். யுத்த காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் பஸ்களைக் கரிவாயுவில் ஓட்டினார்களே, அப்போது பஸ்ஸின் பின்னால் இருக்கும் கரி உலையைத் திறக்கப்போய் அவருடைய வலது கை வெந்துவிட்டது. இரண்டு விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் போயிருந்தன என்று கேள்வி. கேள்விதான், யாரும் பார்த்ததில்லை. ஒரு துண்டை எப்போதும் அந்தக் கையில் சுற்றியிருப்பார். வேலை நேரத்தில் கிரீஸ் படிந்த துண்டு, கல்யாண வீட்டில் வெள்ளைத் துண்டு.

ஒரு சனிக்கிழமை நல்ல மழை. பஸ் வந்தது, பத்திரிகை வரவில்லை. வரவில்லை என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும், இல்லையா? ஆனால் முந்தின வாரம் நீலமுகனை எரிகிற குடோனுக்குள் வைத்துப் பூட்டிவிட்டுத் 'தொடரும்' போட்டிருந்தார்கள். பன்னிரண்டு பேர் பெஞ்சு போட்டுக் காத்திருந்தார்கள். எனக்குத் தலைக்கனம். பழைய இதழ் ஒன்றை எடுத்து, அட்டையை மடித்துப் பிடித்துக்கொண்டு, அதில் இருப்பதுபோலவே படிக்க ஆரம்பித்தேன். குடோன் கதவை நீலமுகன் வலது கையால் தள்ளினான், பழுக்கக் காய்ந்த இரும்பு, கை வெந்தது, அன்றிலிருந்துதான் உறை போடுகிறான் என்று என் பாட்டுக்கு அளந்தேன். அவன் ஆரம்பத்திலிருந்தே உறை போட்டிருந்தானே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை, எனக்கே தோன்றவில்லை. அந்தக் கையாலேயே எதிரியை அடித்தான் என்று தெலுங்கில் சொல்லி நிமிர்ந்தபோது வெங்கடப்பா துண்டை அவிழ்த்துக்கொண்டிருந்தார். அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு, அந்தக் கையால் டீ கிளாஸை எடுத்துக் குடித்தார். எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

பயம்தான் நிலைத்தது. மறுவாரம் இரண்டு இதழும் சேர்ந்து வந்தன. அசல் கதையில் நீலமுகன் கூரை வழியாக, ஒரு மயிர்கூடக் கருகாமல் தப்பிவிட்டான். அன்றிலிருந்து வாரா வாரம் எனக்கு இரட்டை வேலை. அவன் கடிதம் எழுதினால் 'இடது கையால்' என்று சேர்த்துக்கொள்ள வேண்டும். கயிறு ஏறினால் பல்லைக் கடித்துக்கொள்ளச் செய்ய வேண்டும். பத்திரிகை வந்ததும் முதலில் படத்தைப் பார்ப்பேன். உறை போட்டிருக்கிறானா என்று தெரிந்த பிறகுதான் மூச்சு வரும். இத்தனைக்கும் நடுவில் வெங்கடப்பா துண்டில்லாமல் சந்தைக்குப் போனார், தங்கை மகள் நிச்சயதார்த்தத்தில் தாம்பூலத் தட்டைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார்.

அப்போதுதான் நீலமுகன் படமாக வரப்போகிறது என்று அதே பத்திரிகையில் செய்தி வந்தது. ஷெட் இரண்டுபட்டது. ஹீரோவாகப் போட்டிருந்தவர் நன்றாகப் பாடுவார், ஆனால் தொந்தி உண்டு. அவர் மதில் தாண்டினால் மதில் என்னாவது என்று சிவண்ணா கவலைப்பட்டார். கண்டக்டர் சூசை வேறு மாதிரி. கிருஷ்ணகிரிக்காரன், கோயில் தெருவில் வீடு, பத்திரிகையைச் சொந்தமாக வாங்குகிறவன். என் வாசிப்பு நேரத்தில் அவன் பஸ்ஸில் இருப்பான். வாதாட மட்டும் வந்து சேர்வான். தொடர் வரும் பக்கங்களை வாராவாரம் கிழித்து நூல் போட்டுத் தைத்து வைத்திருந்தான். கதையில் இருபதாவது வாரம் செத்த குதிரையைப் படத்தின் விளம்பரத்தில் போட்டிருக்கிறார்களே என்று அவனுக்கு ஆத்திரம். வெங்கடப்பாவுக்குக் குதிரையும் தொந்தியும் பொருட்டே இல்லை.

"யார் வேணா நடிக்கட்டும் சாரு. அந்தக் கையை எப்படிக் காட்டுவாங்கோ?" என்று என்னிடம் கேட்டார்.

நான் வாட்சைப் பார்த்து ஏதோ பஸ்ஸின் நேரத்தைச் சொன்னேன்.

படம் கிருஷ்ணகிரிக்கு வந்தது. மற்றவர்களுக்கு டியூட்டி இருந்ததால், ஞாயிற்றுக்கிழமை மாட்னிக்கு வெங்கடப்பாவும் நானும் மட்டும் எங்கள் கம்பெனி பஸ்ஸிலேயே போனோம், சூசை தியேட்டரில் சேர்ந்துகொண்டான். வழி நெடுகப் புளியமரங்களை எண்ணிக்கொண்டு வந்தேன். பஸ் பஞ்சராக வேண்டும் என்று வேண்டிக்கொண்ட டைம்கீப்பர் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். பஸ் சொன்ன நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. நாலாவது பாட்டில் ஹீரோ உறையைக் கழற்றி, கதாநாயகியின் தலையில் பூ வைத்தார். மாவு பிசைந்தது போன்ற வெள்ளைக் கை, விரலில் மோதிரம். வெங்கடப்பா எழுந்து நின்றுவிட்டார். பின்னாலிருந்தவர்கள் உட்காரச் சொல்லிக் கத்தினார்கள். நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தேன்.

வெளியே டீக்கடையில், சினிமாக் கம்பெனிக்காரன் கதையைக் கெடுத்துவிட்டான், நீலமுகன் கை வெந்த கை என்று வெங்கடப்பா சொல்லச் சொல்ல, சூசை சிரித்தான். பத்து வீடு தள்ளித்தான் அவன் வீடு. போய்த் தைத்த கட்டைக் கொண்டுவந்து, பெஞ்சில் விரித்து, குடோன் எரிந்த வாரத்தை எடுத்து விரலை வைத்து வரி வரியாகப் படித்தான். கூரை, தாவல், தப்பிப்பு. கை இல்லை.

"தம்பி, நீதான படிச்சுச் சொன்ன? எங்க இருக்குது, நீயே காட்டு" என்றான்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். வெங்கடப்பாவும் பார்த்தார். அவர் முகத்தில் சந்தேகமே இல்லை. நான் இப்போது பக்கத்தைப் புரட்டி எடுத்துக் கொடுத்துவிடுவேன் என்ற நம்பிக்கைதான் இருந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குத் தலை நிமிர மாட்டேன் என்கிறது.

"இருந்ததைத்தான் படிச்சேன். அவருக்குத் தமிழ் அவ்வளவா தெரியாதில்ல, எதையோ எதுன்னோ புரிஞ்சிக்கிட்டாரு" என்றேன்.

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ராஜ்யங்களை மொழிவாரியாகப் பிரித்துக்கொண்டிருந்த சமயம் அது. ஓசூர் யாருக்கு, நீ எந்தப் பக்கத்து ஆள் என்று டீக்கடைக்கு டீக்கடை கேட்டுக்கொண்டிருந்தார்கள். தமிழ் தெரியாதவனுக்குத் தமிழ்ப் படம் எதற்கு என்று முன்பின் தெரியாத ஒருவன் சொன்னான். கதையை இந்தப் பையன் தெலுங்கில்தான் சொன்னான் என்று வெங்கடப்பா ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், என் வண்டவாளம் அங்கேயே வெளிவந்திருக்கும். அவர் என்னைப் பார்த்தார். நான் இட்டுக்கட்டியது அவருக்குப் புரிந்துவிட்டது.

"ஆமா, எனக்குத் தமிழ் வராது. நான்தான் தப்பா கேட்டுக்கினேன்" என்றார் சூசையிடம்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் உட்கார்ந்திருந்தார். சூளகிரி தாண்டியதும் தோளிலிருந்த துண்டை எடுத்து, நிதானமாக, மணிக்கட்டிலிருந்து விரல் நுனி வரை சுற்றிக்கொண்டார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அந்த பஸ் கண்டக்டர் டிக்கெட் கேட்க வந்தான், அதைச் சாக்காக வைத்து விட்டுவிட்டேன். அடுத்த சனிக்கிழமை அவர் வாசிப்புக்கு வரவில்லை. வராதவரை எதிர்பார்த்துத் தெலுங்கில் எதைச் சொல்வது? சில வாரங்களில் நானும் படிப்பதை நிறுத்திவிட்டேன்.

ஷெட் இருந்த இடத்தில் இப்போது நாலு மாடிக்கு வணிக வளாகம் நிற்கிறது. அந்தப் பத்திரிகை நின்றுபோய் எத்தனையோ வருஷம். படச்சுருளும் எங்கோ மக்கிப் போயிருக்கும். சூசை தைத்து வைத்த பக்கங்களை யார் எடைக்குப் போட்டார்களோ. கூடத்தில் பேரன் புத்தகத்தைக் கொண்டுவந்து சிநேகிதர்களிடம் பக்கத்தை எடுத்துக் காட்டி ஜெயித்துவிட்டான், அவர்கள் கைதட்டினார்கள். நான் உள்ளே வந்து படுத்துக்கொண்டேன்.

அந்தப் படத்துக்குப் பிறகு வெங்கடப்பாவோடு மூன்று வருஷம் வேலை பார்த்தேன். காலையில் பார்த்தால் வணக்கம் சொல்வார், பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பார். அவருடைய வலது கையை நான் மறுபடி பார்க்கவே இல்லை.