இரண்டு கம்பெனிகளின் பன்னிரண்டு

எண்பதுகளின் கடைசியில் ராணிப்பேட்டைத் தோல் ஆலை ஒன்றின் ஆபீசில் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதும் வேலை பார்த்தேன். எங்களுக்கு ரசாயனம் அனுப்பும் கம்பெனியும் அப்போதுதான் கம்ப்யூட்டர் வாங்கியிருந்தது. இனி சரக்கின் பெயர் வேண்டாம், எண் போதும் என்று இரு முதலாளிகளும் பேசி முடித்தார்கள். ஆர்டர் பிளாப்பி டிஸ்க்கில் போகும், பதிலும் பிளாப்பியில் வரும்.

"யாரோட நம்பர் சார்?" என்று மேனேஜரிடம் கேட்டேன்.

"நம்பர் நம்பர்தாம்மா. பேஜார் பண்ணாதே."

முதல் சரக்கு இறங்கிய காலையில் அவர்கள் பிளாப்பியைத் திறந்தேன். பன்னிரண்டாம் எண்ணுக்கு நேரே 'ஆசிட்' என்றிருந்தது. எங்களுக்குப் பன்னிரண்டு என்றால் தோல் ஊறவைக்கும் சோப்புத் திரவம். இரண்டும் நீலக் கேனில்தான் வரும். கேன்மேல் ஒட்டியிருந்ததோ வெறும் எண். சோப்பை ஊற்றும் தொட்டியில் முடி உதிர்க்கும் சல்பைடு கரைந்திருக்கும். அதில் ஆசிட் விழுந்தால் விஷவாயு.

செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினேன். ஊறல் கொட்டகை நெருங்கும்போதே அந்த வாயுவின் அழுகிய முட்டை நாற்றம் முகத்தில் அடித்தது.

"ஊத்தாதீங்க! வெளிய வாங்க!"

மேஸ்திரி திரும்பினார். "இன்னாம்மா, இன்னா ஆச்சு?"

"அது சோப்பு இல்ல, ஆசிட்!"

அவர் கத்த, ஆட்கள் வெளியே ஓடிவந்தார்கள். கேனைச் சாய்த்தவர் மட்டும் வரவில்லை. அதற்குள் எனக்கு நாற்றமே தெரியவில்லை. வாயு அடங்கிவிட்டது என்று நினைத்து உள்ளே காலெடுத்து வைத்தேன். மேஸ்திரி என் தோளைப் பிடித்து இழுத்தார். "நாத்தம் நின்னா மூக்கு செத்துப்போச்சுன்னு அர்த்தம்மா!"

வாசலருகே விழுந்திருந்தவரை, மூச்சை அடக்கிக்கொண்டு இருவர் காலைப் பிடித்து இழுத்துப் போட்டார்கள். வேலூர் ஆஸ்பத்திரியில் அவர் கண் விழிக்கும்வரை அவர் மனைவிக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன். மாலையில் அவர் கண் விழித்துத் தண்ணீர் கேட்டார் என்று நர்ஸ் சொன்னபோதுதான் எனக்கு அழுகை வந்தது.

பிறகு புரோகிராமை மாற்றி எழுதினேன். அவரவர் எண்ணுக்கு அவரவர் கம்பெனிக்குள் மட்டும்தான் அர்த்தம். எல்லை தாண்டும்போது எண்ணோடு சரக்கின் பெயரும் சேர்ந்து போக வேண்டும். இரண்டும் பொருந்தாவிட்டால் ஆர்டர் நின்றுவிடும். மேனேஜர் இந்த முறை மறுக்கவில்லை.

மூன்றாவதாக, ரசாயனம் அனுப்பும் ஆம்பூர் கம்பெனி ஒன்றும் இந்த ஏற்பாட்டில் சேர்ந்தது. புரோகிராம் சரி என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அவர்கள் லாரி வந்த அன்று, ஒவ்வொரு கேனையும் திறக்கும்வரை கொட்டகை வாசலில் பயந்துகொண்டுதான் நின்றேன்.