எல்லா வீட்டுச் சாவியும்

எங்கள் தெருவுக்குத் திருடன் வந்தால் பூட்டை உடைத்துக் கஷ்டப்பட வேண்டியதே இல்லை. முனை வீட்டுத் தையல்காரியிடம் போனால் போதும். அத்தனை வீட்டுச் சாவியும் அவள் வீட்டுச் சுவரில்தான் தொங்கின. இது சரியில்லை, சரியில்லை என்று நான் வாய் வலிக்கச் சொன்னேன். யார் கேட்டார்கள்? கடைசியில் என் வீட்டுச் சாவியையும் அவளிடமே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

வேறு வழியில்லை. ஊருக்கு வெளியே, ரயில் நிலையத்தை நம்பி முளைத்த குடியிருப்பு இது. காலையில் எல்லோரும் வேலைக்கும் பள்ளிக்கும் ஓடிவிடுவார்கள். தண்ணீர் லாரியும் சிலிண்டர்காரரும் மீட்டர் பார்க்கிறவரும் சொல்லி வைத்தாற்போல அதற்குப் பிறகுதான் வருவார்கள். யாராவது கதவைத் திறந்துவிட வேண்டும். தையல்காரி வீட்டை விட்டு நகர்வதே இல்லை. அதனால் ஒருவர் சாவியைக் கொடுத்தார், அவரைப் பார்த்து அடுத்தவர் கொடுத்தார். நாங்கள் வெளியே போகிற நாட்களுக்கென்று நானும் கொடுத்தேன். ஆட்டு மந்தைதானே நாம்.

சாவியில் வீட்டு எண் எழுதினால் ஆபத்து என்று அவள் ஒரு வழி செய்திருந்தாள். அந்தந்த வீட்டுக்குத் தைத்ததில் மிஞ்சிய துணியைக் கிழித்துச் சாவியில் முடிந்துவிடுவாள். மருந்துக்கடைக்காரர் வீட்டுக்குக் கோடு போட்ட சட்டைத் துணி. இன்சூரன்ஸ்காரர் வீட்டுக்கு மஞ்சள் திரைச்சீலை. எங்கள் வீட்டுக்குத் தலையணை உறை. எந்தத் துணி எந்த வீடு என்பது அவளைத் தவிர யாருக்கும் தெரியாது. கெட்டிக்காரத்தனம்தான். இவ்வளவு கெட்டிக்காரத்தனம் எதற்கு என்றும் எனக்குத் தோன்றியது.

எனக்கு அப்படித்தான் தோன்றும். ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். தூங்குவதுபோல நடிக்கிறவன், கழிவறையில் போய் ஒளிகிறவன், செத்துப்போன அப்பாவின் பாஸைக் காட்டுகிறவன் என்று எல்லா ரகத்தையும் பார்த்தாயிற்று. "எமனே வந்தாலும் டிக்கெட் இருக்கான்னு கேட்டுட்டுத்தான் நீ உள்ள விடுவ" என்பார் என் கணவர். ஆமாம், கேட்பேன். கேட்டால் என்ன தப்பு?

தையல்காரிக்கு நாற்பது வயது இருக்கும். ஒடிசலான உடம்பு, கழுத்தில் எப்போதும் அளவு நாடா, உடுப்பெல்லாம் நூல் துணுக்கு. கணவன் லாரி ஓட்டுகிறான். அத்தி பூத்தாற்போல வந்து மூஞ்சியைக் காட்டிவிட்டுப் போவான். வீடு இரண்டே அறை. முன்னறையில் மிஷின், துணி வெட்டும் பலகை, சாவிகள் மாட்டிய சுவர். உள்ளறையில் இரும்புக் கட்டிலில் மாமனார். அவருக்கு ஒரு பக்கம் விழுந்துவிட்டது. நாக்கு மட்டும் நன்றாக இருக்கிறது. நல்ல கையில் ஒரு எவர்சில்வர் டம்ளர் வைத்திருப்பார். தண்ணீர் வேண்டுமா, திரும்பிப் படுக்க வேண்டுமா, சும்மா அலுப்பாக இருக்கிறதா, கட்டில் கம்பியில் டங் டங் என்று தட்டுவார். மிஷின் நிற்கும், அவள் எழுந்து உள்ளே போவாள், வருவாள், மிஷின் ஓடும். எங்கள் வீடு அவள் வீட்டுக்கு எதிரில் என்பதால் இந்தப் பாட்டு எனக்கு மனப்பாடம்.

அவள் அதிகம் பேச மாட்டாள். "சரிக்கா", "ஆகட்டும்க்கா", அவ்வளவுதான். வாயைத் திறக்காத ஆளை எப்படி நம்புவது?

பள்ளி திறக்கும் சமயம். இன்சூரன்ஸ்காரர் மனைவி ஒரு மாலை என் வீட்டுக்கு ஓடி வந்தாள்.

"அக்கா, எங்க வீட்ல யாரோ வந்துட்டுப் போயிருக்காங்க!"

"என்ன காணோம்?"

"ஒண்ணும் காணாமப் போகலக்கா. வெச்சது வெச்சபடி இருக்கு. ஆனா ஃபேன் ஓடிட்டிருக்கு. நான் நிறுத்திட்டுத்தான் போனேன், சத்தியமா."

"ஒருத்தன் பூட்டைத் திறந்து உள்ள வந்து, காத்து வாங்கிட்டா போவான்?" என்று கேட்டுக்கொண்டே அவளோடு போனேன். பூட்டில் கீறல் இல்லை. ஜன்னல்கள் பத்திரமாக இருந்தன. அலமாரியை யாரும் தொடவில்லை. நான் எதுவும் சொல்வதற்குள் அவளே குனிந்து கூடத்துத் தரையிலிருந்து ஒன்றை எடுத்தாள். பச்சை நூல் துண்டு. பள்ளிச் சீருடையின் பச்சை. அப்போது இந்தக் குடியிருப்பில் பச்சைச் சீருடை தைத்துக்கொண்டிருந்தவள் ஒருத்திதான். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

அவ்வளவுதான், பற்றிக்கொண்டது. மருந்துக்கடைக்காரர் வீட்டில் குளியலறை வாளி இடம் மாறியிருந்ததாம். இன்னொரு வீட்டில் தரையில் ஈரம் இருந்ததாம். அவள் சாவிக்கெல்லாம் நகல் போட்டு லாரிக்காரனிடம் கொடுக்கிறாள் என்றார்கள். அதெல்லாம் இல்லை, எவனையோ சந்திக்கிறாள் என்றார்கள். "பூட்டின வீட்டுக்குள்ள ஒரு பொம்பள பட்டப்பகல்ல எதுக்குப் போவா, சொல்லுங்க?" என்று மருந்துக்கடைக்காரர் மனைவி உதட்டைப் பிதுக்கினாள். உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் அந்தச் சந்தேகம்தான்.

மருந்துக்கடைக்காரர்தான் எங்கள் குடியிருப்போர் சங்கத் தலைவர். "போலீஸ்ல எழுதிக் குடுத்துடலாம். அவ வீட்டு ஓனர் எனக்குத் தெரிஞ்சவர்தான். ஒரு வார்த்தை சொன்னா காலி பண்ண வெச்சிடுவார்" என்றார்.

அது சின்ன வார்த்தை இல்லை. படுத்த படுக்கையாகக் கிடக்கும் கிழவரோடு வருகிறவளுக்கு யார் வீடு கொடுப்பார்கள்? அவள் தையலும் இந்தத் தெருவை நம்பித்தான். சாவி விஷயத்தில் கெட்ட பெயர் எடுத்தவளிடம் யார் துணி கொடுப்பார்கள்?

"சந்தேகத்துக்கெல்லாம் அபராதம் போட முடியாதுங்க. கையும் களவுமா பிடிக்கணும். அதை என்கிட்ட விடுங்க" என்றேன். உள்ளுக்குள் எனக்கு ஒரே உற்சாகம். ஓய்வு பெற்ற பிறகு எனக்கு வாய்த்த முதல் வேட்டை.

மறுநாள் தெருவுக்கே கேட்கும்படி சொன்னேன். "ஏம்மா, நானும் சாரும் தங்கச்சி வீட்டுக்குப் போறோம். சாயங்காலந்தான் வருவோம், வீட்டைப் பாத்துக்க."

"சரிக்கா" என்றாள், மிஷினிலிருந்து தலையைத் தூக்காமல்.

என் கணவரைப் படிப்பகத்துக்கு விரட்டினேன். முன்கதவைப் பூட்டிவிட்டு, தெருவைச் சுற்றிக்கொண்டு, சாத்தி மட்டும் வைத்திருந்த பின்கதவு வழியாக உள்ளே வந்து படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் நின்றேன். படம் எடுக்கத் தயாராகக் கையில் செல்போன். வெயில் ஏறியது. எனக்குக் கால் மரத்துப்போனது. இந்த வயதில் இது தேவையா என்று நினைக்கும்போது பூட்டு திறக்கிற சத்தம் கேட்டது.

அவள்தான். தனியாக வந்தாள். கதவை உட்பக்கம் தாழிட்டாள். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். வா மகளே வா, அலமாரிக்குப் போ, என்று நான் செல்போனைத் தூக்கினேன். அவள் அலமாரி பக்கம் திரும்பவே இல்லை. ஃபேனைப் போட்டாள். சோபா இருந்தது, கட்டில் இருந்தது, எதையும் தொடவில்லை. கழுத்திலிருந்த அளவு நாடாவைச் சுருட்டித் தரையில் வைத்தாள். வெறுந்தரையில் ஒருக்களித்துப் படுத்து, கையைக் கன்னத்துக்கு அடியில் கொடுத்து, கண்ணை மூடினாள்.

நடிக்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். எத்தனை நடிப்புத் தூக்கம் பார்த்தவள் நான்! நடிக்கிறவன் வாயை மூடிக்கொண்டு அழகாகத் தூங்குவான். இவள் வாய் திறந்துகொண்டது, எச்சில் வழிந்தது, குறட்டை வந்தது. வலது கால் மட்டும் அவ்வப்போது மிஷின் மிதிப்பதுபோல அசைந்தது.

செல்போனைக் கீழே இறக்கினேன். அசைந்தால் அவள் விழித்துக்கொள்வாளே என்று பயந்து, மூச்சைக்கூட அளந்து விட்டுக்கொண்டு, என் சொந்த வீட்டில் திருடியைப்போல ஒளிந்து நின்றேன். வெட்கமாக இருந்தது எனக்கு. அந்த டங் டங் ராத்திரியிலும் கேட்கும். கேட்டதும் போர்வையைக் காதுவரை இழுத்துக்கொண்டு, சனியன் பிடித்த கிழவர் என்று திட்டிவிட்டு நான் தூங்கிவிடுவேன். ஒவ்வொரு முறையும் ஒருத்தி எழுந்து போகிறாளே என்று ஒரு நாளாவது நினைத்தேனா? பகலிலாவது படுக்கலாம் என்றால், மருந்து குடித்துக் கிழவர் கண்ணயரும் நேரத்தில் துணி கேட்டு யாராவது வாசலில் நிற்பார்கள். ஆள் வராத இடம் என்று அவளுக்குக் கிடைத்தது எங்கள் பூட்டிய வீடுகள்தான்.

எதிர்வீட்டில் டம்ளர் சத்தம் கேட்டது. அவள் விலுக்கென்று எழுந்தாள். உட்கார்ந்தபடி கொஞ்ச நேரம் எங்கோ வெறித்துப் பார்த்தாள். பிறகு எச்சில் பட்ட தரையைக் கைக்குட்டையால் துடைத்தாள், நூல் துணுக்குகளைப் பொறுக்கினாள், ஃபேனை நிறுத்தினாள், கதவைப் பூட்டிக்கொண்டு போனாள்.

மாலையில் மருந்துக்கடை வாசலில் எல்லோரும் எனக்காகக் காத்திருந்தார்கள்.

"யாரும் வரல" என்றேன்.

"நல்லாப் பாத்தீங்களா?"

"என் உத்தியோகமே அதுதானே? ஒரு ஈ காக்கா வரல."

என் வாழ்நாளில் டிக்கெட் இல்லாத ஆளைத் தெரிந்தே விட்டது அன்றைக்குத்தான்.

"இன்னிக்கு வரலன்னா நாளைக்கு வருவா" என்றார் மருந்துக்கடைக்காரர். "ஒத்த நூலை வெச்சு வழக்குப் போட்டா போலீஸ்காரன் சிரிப்பான். காலி பண்ணச் சொல்லி, நாளைக்கு ஒண்ணுமில்லன்னு ஆனா உங்க தலைவர் பதவிதான் நாறும்" என்றேன். பதவி என்றதும் மனிதர் அடங்கினார். போலீஸ் பேச்சும் வீட்டு ஓனர் பேச்சும் அதோடு நின்றன.

ஆனால் சாவிகள் நிற்கவில்லை. ஒவ்வொருவராகப் போனார்கள். "ஊர்ல இருந்து தம்பி வர்றான்மா", "பூட்டு மாத்தப் போறோம்மா", "சும்மா உனக்கு எதுக்குச் சிரமம்." சாவியை வாங்கி, அவள் முடிந்து வைத்த துணியை அவள் கண்ணெதிரிலேயே அவிழ்த்து வாசலில் போட்டுவிட்டுப் போனார்கள். இன்சூரன்ஸ்காரர் மனைவி தைக்கக் கொடுத்திருந்த துணியையும் வெட்டாமலே திருப்பி வாங்கிப்போனாள். தையல்காரி ஒருவரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. துணிகளைப் பெருக்கி அள்ளினாள். சுவரில் எங்கள் தலையணை உறை மட்டும் தொங்கியது.

அதற்குப் பிறகு நான் அடிக்கடி தங்கச்சி வீட்டுக்குப் போனேன். தெருவே கேட்கச் சொல்லிவிட்டு, ரயில் நிலையத்துப் பெஞ்சில் போய் உட்கார்ந்திருந்துவிட்டு வருவேன். கணவரையும் இழுத்துக்கொண்டு போவேன். "உன் தங்கச்சி எப்ப இந்தப் பெஞ்சுக்குக் குடி வந்தா?" என்று அவர் கேட்பார். திரும்பி வந்து தரையைப் பார்ப்பேன். ஒரு நூல் கிடக்காது. அவள் வரவே இல்லை.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. பொறுமை எனக்குப் பழக்கமில்லை. நேரே போய் மிஷின்மேல் கையை வைத்து நிறுத்தினேன்.

"ஏன் வரல நீ?"

அவள் என்னைப் பார்த்தாள். கண்ணுக்கடியில் கறுப்பாக இறங்கியிருந்தது. "அன்னிக்கு நீங்க உள்ளதான் இருந்தீங்க. எனக்குத் தெரியும்க்கா" என்றாள்.

"எப்படித் தெரியும்?"

"மூச்சு கேட்டுச்சு."

"தெரிஞ்சுமா படுத்திருந்த? எழுந்து ஓட வேண்டாமா?"

"எழுந்திருக்கணும்னு நெனச்சேன்க்கா. முடியல. பிடிச்சாப் பிடிக்கட்டும், போலீஸ் வந்து எழுப்பட்டும்னு தூங்கிட்டேன்."

எனக்கு அழுகை வந்தது. அவள் முன்னால் அழக் கூடாது என்று எரிந்து விழுந்தேன். "ஒரு வார்த்தை கேட்டா கொறஞ்சா போயிடுவ? எழுந்திரு. எங்க வீட்ல போய்க் கட்டில்ல படு. சார் மாடியில இருக்கார், கீழ வர மாட்டார். போன்னா போ!"

"மாமா முழிச்சா..."

"நான் இருக்கேன்ல!"

அவள் போனாள். நான் மிஷின் அருகே உட்கார்ந்தேன். சிறிது நேரத்தில் உள்ளேயிருந்து டங் டங். போனேன். கிழவர் தலையை மட்டும் திருப்பி, என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"யாரு நீ? அவ எங்க?"

"எதிர்வீடு. அவ தூங்கப் போயிருக்கா."

"தூங்கவா? பகல்லயா?" கிழவர் கண்ணைச் சுருக்கினார். "யார்கிட்ட கதை விடற? எவனையோ பாக்கப் போயிருக்கா, நீ காவலா? ராத்திரி பூரா நல்லாத் தூங்கத்தானே செய்யறா!"

மறுபடி தட்ட டம்ளரைத் தூக்கினார். நான் அதை அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு, கட்டில் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"என்ன வேணுமோ என்கிட்ட சொல்லுங்க. மெதுவாச் சொல்லுங்க" என்றேன்.